உப்புக்காற்றில் ஜி.என்.டி. ஃபில்டர்: ராமநாதபுரம் கடற்கரையில் நீண்டநாள் பயன்படுத்திய அனுபவம்

"இப்போதைய கேமராவில் வெவ்வேறு வெளிச்ச அளவில் நாலு எக்ஸ்போஷர் எடுத்து கம்ப்யூட்டரில் சேர்த்துவிடலாமே, அப்புறம் எதற்கு இந்தக் கண்ணாடித் துண்டு?" தேவிபட்டினத்திலோ தனுஷ்கோடியிலோ ட்ரைபாடை நட்டுவைத்து ஃபில்டரைச் செருகும்போதெல்லாம் பக்கத்தில் நிற்பவர் யாராவது இதைக் கேட்டுவிடுவார். 100 மி.மீ. சதுர ஜி.என்.டி. (கிராஜுவேட்டட் நியூட்ரல் டென்சிட்டி) ஃபில்டர் செட் ஒன்றைப் பல வருடமாக இந்தக் கரையில் மட்டுமே பயன்படுத்தி வருகிறேன். இந்தக் கடலுக்கு அது தேவை என்பதுதான் என் பதில். எங்கே தேவை, எங்கே பைக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

மேல்பாதி கறுத்து, கீழே வரவரத் தெளிந்துபோகும் கண்ணாடிதான் ஜி.என்.டி. சூரியன் எழும் நேரத்தில் வானத்துக்கும் நம் காலடி மணலுக்கும் 3, 4 ஸ்டாப் வித்தியாசம் சாதாரணமாக வரும். ஒரு ஸ்டாப் ஏறினால் வெளிச்சம் இரட்டிக்கும், 3 ஸ்டாப் என்றால் 8 மடங்கு வெளிச்சம். வானத்துக்கு அளந்தால் மணல் இருண்டுவிடும், மணலுக்கு அளந்தால் வானம் வெளுத்துவிடும். பல எக்ஸ்போஷர் எடுத்துச் சேர்ப்பது மலைக்காட்சிக்குச் சரி. இங்கே அலை நிற்காது, வத்தை என்கிற சிறு படகு ஆடும், குளிர்காலத்தில் பூநாரைக் கூட்டம் நகர்ந்துகொண்டே இருக்கும். ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் நடுவில் எல்லாம் இடம் மாறிவிடும். சேர்த்த படத்தில் படகுக்கு இரண்டு விளிம்பும் அலையில் கலங்கலும் தெரியும். தடையில்லாத நேர்கோட்டுத் தொடுவானமும் நமக்கு வாய்த்திருக்கிறது. இந்த ஃபில்டருக்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

எத்தனை ஸ்டாப் வேண்டும் என்பதைக் கடலைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறேன். வடக்கே பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்றும், தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் நம் ஊரில் சொல்வார்கள். தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் பெண்கடல் அசையாமல் கிடக்கும். "காத்து விழுந்துருச்சு தம்பி, நாளைக்கு விடியக்காலம் கடல் எண்ணெயாக் கெடக்கும்" என்று பாம்பனில் வலை பிரிக்கும் ஒரு பெரியவர் சொன்னால் மறுநாள் 2 ஸ்டாப் சாஃப்ட் (கறுப்பு மெதுவாகத் தெளியும் வகை) மட்டும் எடுத்துப் போவேன். அசையாத நீர் வானத்தின் வெளிச்சத்தைத் தானே திருப்பித் தருவதால் வித்தியாசம் குறைந்துவிடும். அங்கே 3 ஸ்டாப் போட்டால் வானத்தைவிடத் தண்ணீரில் விழுந்த பிம்பம் பிரகாசமாகிவிடும். இயற்கையில் அப்படி நடக்காது, பார்ப்பவர் கண் உடனே உறுத்திக்கொள்ளும். அலை புரளும் ஆண்கடல் பக்கம் ஈர மணலும் பாறையும் முன்னால் வந்தால் 3 ஸ்டாப் சரி. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்று வந்ததும் நிலைமை தலைகீழாகும். பெண்கடல் கொந்தளிக்கும், தெற்குக்கரை அடங்கும்.

சூரியன் தொடுவானக் கோட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கும் அந்த 2 நிமிடத்துக்கு ரிவர்ஸ் ஜி.என்.டி. என்று ஒன்று இருக்கிறது. அதில் நடுக்கோட்டில் கறுப்பு அதிகம், மேலே போகப்போகக் குறையும். சாதாரண ஜி.என்.டி. போட்டால் மேல்வானம் தேவையில்லாமல் இருண்டு, தொடுவானம் மட்டும் வெளுத்துக் கிடக்கும். தனுஷ்கோடி நுனியில் இருக்கும் அரிச்சல்முனைக் காலைக்கு எனக்கு மிகப் பிடித்த ஃபில்டர் இதுதான். சூரியன் இரண்டு விரற்கடை ஏறியதும் கழற்றிவிட வேண்டும்.

தொடுவானக் கோட்டை மீறி எழும் எதற்கும் ஜி.என்.டி. ஆகாது. பாம்பனில் 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்தின் தூக்குக் கோபுரங்கள், ராமேசுவரம் கோயில் கோபுரம், ஏர்வாடிப் பக்கத்துப் பனைகள் எல்லாம் மேல்பாதி கருகித்தான் வரும். அங்கே ரா ஃபைலில் (கேமரா பதிவுசெய்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) இரண்டு மூன்று எக்ஸ்போஷர் எடுப்பதே மேல். பாலம் நகராது, சேர்ப்பதும் சுலபம்.

ஃபில்டரைவிட எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது சிவப்பு சேனல், அதாவது கேமரா தனித்தனியாகப் பதியும் சிவப்பு, பச்சை, நீலத்தில் சிவப்புப் பங்கு. கேமராத் திரையில் வெள்ளை ஹிஸ்டோகிராம் (இருட்டு இடமும் வெளிச்சம் வலமுமாகக் காட்டும் வரைபடம்) வலது ஓரத்தைத் தொடாமல் நிற்கும், எல்லாம் சரி என்று தோன்றும். வீட்டுக்கு வந்து திறந்தால் செம்மஞ்சள் வானம் எலுமிச்சை மஞ்சளாகக் கிடக்கும். காரணம் இதுதான்: உதய, அஸ்தமன வெளிச்சத்தில் நீலமும் பச்சையும் குறைவு, சிவப்பு மிக அதிகம். சிவப்பு முதலில் நிரம்பி அதோடு நின்றுவிடும். பச்சை மட்டும் ஏறிக்கொண்டே போகும். நின்றுபோன சிவப்போடு ஏறுகிற பச்சை சேர்ந்தால் மஞ்சள்தான். வெள்ளை ஹிஸ்டோகிராம் மூன்றையும் கலந்து காட்டுவதால் இது வெளியே தெரியாது. ஆர்.ஜி.பி. ஹிஸ்டோகிராமைத் திறந்து சிவப்பு மேட்டை மட்டும் பாருங்கள். ஓரத்தில் இடித்தால் 2/3 ஸ்டாப்பிலிருந்து 1 ஸ்டாப் வரை குறையுங்கள். நிழல் கொஞ்சம் இருண்டாலும் ரா ஃபைலில் மீட்டுவிடலாம், போன சிவப்பு திரும்பி வராது. மீட்டரிங்கையும் (கேமரா வெளிச்சத்தை அளப்பது) சூரியன் மேல் வைக்காமல், அதற்குச் சற்றுத் தள்ளி வெறும் வானத்தில் ஒரு சிறு புள்ளியை மட்டும் அளக்கும் ஸ்பாட் அளவு எடுத்து மேனுவலில் பூட்டிக்கொள்கிறேன். ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்வு) 100, அபெர்ச்சர் (லென்ஸ் திறப்பு) எஃப் 8 அல்லது 11.

வெளிச்சத்தின் நிறத்துக்கு ஏற்பப் படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால் கேமரா அந்தச் சிவப்பைக் குறையென்று நினைத்துச் சரிசெய்யப் பார்க்கும். டேலைட்டில், ஏறக்குறைய 5,200 முதல் 5,500 கெல்வினுக்குள் நிறுத்திவிடுங்கள்.

நிறம் பற்றிப் பேசும்போது ஃபில்டரின் சொந்தச் சாயத்தையும் சொல்ல வேண்டும். நான் முதலில் வாங்கிய மலிவான ரெசின் (பிளாஸ்டிக் வகை) துண்டு வானத்துக்கு மெஜந்தா (ஊதா கலந்த இளஞ்சிவப்பு) ஏற்றியது. அஸ்தமனப் படத்தில் அது அழகாகவே தெரியும், பலர் அதை நல்ல நிறம் என்றே நம்பிவிடுகிறார்கள். நம் வானத்துக்கு அந்த நிறம் கிடையாது. மதிய வெயிலில் ஒரு வெள்ளைச் சுவரை, ஒயிட் பேலன்ஸை மாற்றாமல், ஃபில்டர் போட்டும் போடாமலும் எடுத்துப் பாருங்கள். சுவர் பொய் சொல்லாது. அதன்பின் கண்ணாடி ஃபில்டருக்கு மாறினேன். விலை கூடுதல், ஆனால் சாயம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறைவு, கீறலும் எளிதில் விழாது.

உப்புதான் இந்தக் கரையின் பெரிய சோதனை. சூரியனை நேராகப் பார்த்து எடுக்கும்போது ஃபில்டரில் ஒட்டிய ஒவ்வொரு சொட்டும் ஒரு ஒளிப்புள்ளியாகப் படத்தில் விழும். வறட்டுத் துணியால் துடைத்தால் உப்பும் மணலும் சேர்ந்து கீறிவிடும். குடிதண்ணீரை மேலே ஊற்றிக் கழுவி, பிறகு மைக்ரோஃபைபரால் ஒற்றி எடுக்கிறேன். லென்ஸில் மாட்டும் அடாப்டர் வளையம் அலுமினியமாக இருந்தால் உப்பேறி இறுகிக்கொள்ளும். பித்தளை வளையம் அப்படி எளிதில் சிக்குவதில்லை. ஏ.சி. அறையிலிருந்து விடியலில் வெளியே வந்தால் லென்ஸ் வேர்த்துவிடும். கேமரா பையை மூடியபடியே அரை மணி நேரம் முன்னதாக வெளியே வைத்தால் போதும். ஆனி, ஆடியில் தனுஷ்கோடியில் மணல் பறக்கும் காற்றில் சதுர ஃபில்டர் காற்றைப் பிடித்து ட்ரைபாடையே ஆட்டும். அந்த நாட்களில் ஃபில்டரைச் செருகும் ஹோல்டரை மாட்டுவதே இல்லை.

நேரமும் திசையும் சுருக்கமாக. இங்கே உதயம் ஜூனில் 6 மணிக்குச் சற்று முன்னால், ஜனவரி கடைசியில் 6.35 வாக்கில். வருடத்தில் உதயப் புள்ளி தொடுவானத்தில் ஏறக்குறைய 47 டிகிரி நகர்கிறது, மார்கழியில் அரிச்சல்முனையில் அது தென்கிழக்குப் பக்கம் ஒதுங்கியிருக்கும். நம் அட்சரேகையில் சூரியன் செங்குத்தாக ஏறுவதால் நிறம் நிற்கும் நேரம் குறைவு, 20 நிமிடம் முன்பே தயாராக நிற்க வேண்டும். தனுஷ்கோடிச் சாலையில் சாவடி நேரக் கட்டுப்பாடு உண்டு, விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். பங்குனி, சித்திரையில் மூட்டம் படிந்து சூரியன் மங்கிய சிவப்புத் தட்டாக இறங்கும் மாலைகளில் ஃபில்டரே வேண்டாம்.

முதலில் ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 3 ஸ்டாப் சாஃப்ட் கண்ணாடி வாங்குங்கள். தண்ணீர் அடங்கிய காலைகளில் அதைக் கொஞ்சம் மேலே ஏற்றிச் செருகினால் 2 ஸ்டாப் வேலையையும் ஓரளவு பார்த்துவிடும். ரிவர்ஸ் இரண்டாவது. கறுப்பு சட்டென்று முடிந்துவிடும் ஹார்ட் ஜி.என்.டி.யை நான் வாங்கி வைத்திருந்தும் எடுப்பது அபூர்வம்.