நிக்கா ஃப்ரம் த பேரல்: 89 வெள்ளிக்கு என்ன கிடைக்கிறது?

போன மாதம் ஜொகூரிலிருந்து மச்சான் சிங்கப்பூருக்கு வந்திருந்தார். அவருக்காக ஜப்பானின் நிக்கா நிறுவனம் விற்கும் நிக்கா ஃப்ரம் த பேரல் விஸ்கி ஒரு போத்தல் வாங்கினேன், 89 வெள்ளி. வீட்டில் ஏற்கெனவே 62 வெள்ளிக்கு வாங்கிய ஜானி வாக்கர் பிளாக் லேபிள் என்ற ஸ்காட்லாந்து விஸ்கி (ஸ்காட்ச்) இருந்தது. சரி, இரண்டையும் சேர்த்தே ருசி பார்ப்போம் என்று உட்கார்ந்தோம்.

நிக்காவில் ஆல்கஹால் 51.4 விழுக்காடு, முதல் வாய் நாக்கைச் சுடும். ஒரு தேக்கரண்டி தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் அப்படியே வைத்துவிடுங்கள், அப்புறம்தான் மணம் எழும்புகிறது. ஆரஞ்சுத் தோல், கிராம்பு, கடைசியில் கருப்பட்டி மாதிரி ஓர் இனிப்பு, விழுங்கிய பிறகும் நெடுநேரம் தொண்டையில் நிற்கிறது. அருமையான சரக்கு, அதில் சந்தேகமே இல்லை. பிளாக் லேபிளில் இந்த அடர்த்தி கிடையாது, ஆனால் அதிலுள்ள லேசான விறகுப் புகை சோடா ஊற்றினாலும் போவதில்லை. மட்டன் வறுவலோடு எங்கள் இருவருக்கும் அதுதான் பிடித்தது.

இப்போது விலைக்கு வருகிறேன். நிக்கா 500 மில்லி, பிளாக் லேபிள் 700. இங்கே தூய ஆல்கஹால் லிட்டருக்கு 88 வெள்ளி தீர்வை, கணக்குப் போட்டால் நிக்காவுக்கு 22.62, பிளாக் லேபிளுக்கு 24.64. சின்னப் போத்தலுக்குத் தீர்வையும் குறைவு, அப்படியும் விலை 27 வெள்ளி கூட. ஏன் என்று புரிய இரண்டு நாடுகளின் ஏற்றுமதியைப் பார்க்க வேண்டும்.

ஜப்பானின் விஸ்கி ஏற்றுமதி 2015ல் சுமார் 10.4 பில்லியன் யென், 2022ல் 56.1 பில்லியன். ஏழே ஆண்டில் ஐந்து மடங்கு! 2020ல் ஜப்பானின் அரிசி மதுவான சாக்கே ஏற்றுமதியையே தாண்டிவிட்டது. விஸ்கி என்பது இன்று கேட்டால் நாளை காய்ச்சி அனுப்பும் பொருளில்லை, பல வருடம் பீப்பாயில் கிடக்க வேண்டும். எண்பதுகளுக்குப் பிறகு உள்ளூரில் விற்பனை படுத்திருந்த காலத்தில் குறைவாகக் காய்ச்சினார்கள், உலகமே கேட்கத் தொடங்கியபோது பழைய சரக்கு போதவில்லை. நிக்கா 2015ல் தன் யோய்ச்சி, மியாகிக்கியோ வடிசாலைகளின் வயது போட்ட வகைகளை நிறுத்தியது. 2018ல் இன்னொரு ஜப்பானிய நிறுவனமான சன்டோரியின் 17 வருட விஸ்கி ஹிபிக்கி 17ம் நின்றது.

ஸ்காட்லாந்து அப்படியில்லை. 2015ல் அதன் விஸ்கி ஏற்றுமதி சுமார் 3.85 பில்லியன் பவுண்டு, 2022ல் 6.2 பில்லியன், அடுத்த ஆண்டு 5.6க்கு இறங்கியது. ஏறினாலும் இறங்கினாலும் அங்கே கிடங்குகளில் 2 கோடிக்கும் மேற்பட்ட பீப்பாய்கள் கிடக்கின்றன, அதனால்தான் 12 வருடம் என்று எழுதிய போத்தலை 62 வெள்ளிக்குத் தர முடிகிறது. 2022ல் சிங்கப்பூருக்கு மட்டும் 316 மில்லியன் பவுண்டுக்கு ஸ்காட்ச் வந்தது, பெரும்பகுதி இங்கிருந்து மற்ற ஆசிய நாடுகளுக்குப் போகிறது. அந்த ஆண்டு ஜப்பான் உலகம் முழுவதற்கும் அனுப்பிய விஸ்கியின் மதிப்பே அதைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

எனக்கு வருத்தம் கடை மேல்தான். "அசல் ஜப்பான் விஸ்கி" என்று அடித்துச் சொல்லி விற்றார்கள். முழுக்க ஜப்பானிலேயே காய்ச்சி, அங்கேயே மூன்று வருடமாவது பீப்பாயில் வைத்தால்தான் அந்தப் பெயர் என்று ஜப்பானிய உற்பத்தியாளர் சங்கத்தின் விதி 2021 ஏப்ரலில் நடப்புக்கு வந்தது. ஃப்ரம் த பேரல் அந்த விதிக்குள் வராது என்று நிக்காவே வெளிப்படையாகச் சொல்கிறது. (ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் வடிசாலையும் 1989 முதல் அவர்களுடையதுதான்.) தயாரிப்பவரே மறைக்காததைக் கடையில் ஏன் மாற்றிச் சொல்ல வேண்டும்?

தனியாக, மெதுவாகக் குடிப்பவர் என்றால் நிக்காவை ஒருமுறை வாங்குங்கள், 80 வெள்ளிக்குள் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். நாலு பேர் சாப்பாட்டோடு கூடும் நாளுக்கு பிளாக் லேபிள் போதும். தீபாவளிக்கு மச்சான் மறுபடி வருகிறார், அதைத்தான் வாங்கப் போகிறேன்.