எஸ்பிரெசோவுக்கு எந்த டேம்பர்: சாதாவா, ஸ்பிரிங் வைத்ததா?

எஸ்பிரெசோ மெஷினுக்கான கோப்பித் தூளை அழுத்தும் கருவிதான் டேம்பர். அதைத் தேடி ஷாப்பி இணையக்கடையைத் திறப்பதற்கு முன், மெஷினோடு வந்த பாஸ்கெட்டை, அதாவது தூள் போடும் சல்லடைக் கிண்ணத்தை, கழற்றித் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். அடியில் ஒரே ஒரு துளை தெரிந்தால் அது இரட்டைச் சுவர் பாஸ்கெட். அங்கே அழுத்தத்தை உண்டாக்குவது அந்த ஒற்றைத் துளைதான். எந்த டேம்பரால் அழுத்தினாலும் நுரை வரும், சுவையும் பெரிதாக மாறாது. காசை நல்ல கிரைண்டருக்குச் சேர்த்து வையுங்கள். அடி முழுக்க நுண்துளைகள் நிறைந்திருந்தால் மேற்கொண்டு படிக்கலாம்.

வீட்டு உபயோகத்துக்கு மூன்று வகை போட்டிக்கு நிற்கின்றன. கனத்த எஃகுத் தட்டும் ஒரு கைப்பிடியும் மட்டும் கொண்ட சாதா டேம்பர் ஒன்று. உள்ளங்கைக்குள் அடங்கும் வட்ட டேம்பர் இன்னொன்று. இது பாஸ்கெட் விளிம்பில் உட்கார்ந்து, முன்பே திருகி வைத்த ஆழம் வரைதான் இறங்கும். மூன்றாவதில் விளிம்பில் படியும் ஒரு வளையமும், அழுத்தும் விசையை ஒரே அளவில் வைக்கும் ஸ்பிரிங் உள்ளேயும் இருக்கும். நார்ம்கோர் வி4 இந்த ரகம். பாஸ்கெட்டைத் தாங்கும் கைப்பிடியான போர்ட்டாஃபில்டரை நீட்டினால் தானாகவே அழுத்தித் தரும் பக்பிரஸ் போன்ற மின்சாரக் கருவிகள் கடைக்காரர்கள் சமாச்சாரம், வீட்டுக்குத் தேவையில்லை. அடித்தட்டு தட்டையா, குவிந்ததா, அலையலையாக வரி போட்டதா என்ற விவாதத்தையும் ஒரே வரியில் முடித்துவிடலாம்: தட்டையானதை வாங்குங்கள்.

என் ஓட்டு ஸ்பிரிங் வளைய டேம்பருக்கு. விளம்பரத்தில் அதன் ஸ்பிரிங்கைத்தான் கொண்டாடுவார்கள். எனக்கு முக்கியம் அந்த வளையம்.

ஸ்பிரிங்கை ஏன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று கேட்டால், கணக்கு எளிது. பழைய விதி 30 பவுண்டு, அதாவது சுமார் 13.6 கிலோ அழுத்தம் வேண்டும் என்கிறது. மெஷின் தண்ணீருக்குத் தரும் அழுத்தமோ 9 பார். 58 மில்லிமீட்டர் விட்டமுள்ள பாஸ்கெட்டின் பரப்பு ஏறத்தாழ 26.4 சதுர சென்டிமீட்டர். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலும் 9 கிலோவுக்குச் சற்றுக் கூடுதலான விசை. பெருக்கிப் பார்த்தால் 240 கிலோவைத் தொடும். அதற்கு முன்னால் உங்கள் கை 10 கிலோ கொடுத்ததா, 15 கிலோ கொடுத்ததா என்பது சின்ன விஷயம். தூளுக்குள் இருக்கும் காற்று இடைவெளி மூடும் வரை அழுத்த வேண்டும். அதற்குமேல் அது இறங்காது, மணிக்கட்டுதான் வலிக்கும். கோப்பி மளமளவென்று ஓடினால் கிரைண்டரை ஒரு படி நைசாக்குங்கள். கையில் பலத்தைக் கூட்டிச் சரிசெய்ய முடியாது.

சரிவு அப்படியில்லை. 58 மில்லிமீட்டர் பாஸ்கெட்டில் 18 கிராம் தூளை அழுத்தினால் கிடைக்கும் வில்லையின் தடிமன் சுமார் 12 முதல் 14 மில்லிமீட்டர்தான். தட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஓர் ஓரம் 1 மில்லிமீட்டர் கூடுதலாக இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தண்ணீருக்குக் குறுக்கு வழி கிடைத்துவிட்டது. மெல்லிய பக்கம் அளவுக்கு மீறி வடிந்து கசக்கும். தடித்த பக்கம் பாதி வடிந்து புளிக்கும். கசப்பும் புளிப்பும் ஒரே கோப்பையில் சேர்ந்து வரும்போது பலர் கொட்டையைத் திட்டுவார்கள், இல்லையென்றால் இன்னும் நைசாக அரைப்பார்கள். நைசாக்கினால் மொத்த எதிர்ப்பும் கூடி, பலவீனமான அந்த ஓரமே முதலில் பிளக்கும். சரிவுக்குக் கிரைண்டரில் மருந்து கிடையாது.

இந்தச் சரிவு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ள அடுப்படியில் ஒரு நிமிடம் நின்று பார்த்தால் போதும். மலேசியாவின் குளுவாங் பக்கத்துத் தாமான் (குடியிருப்பு) வீடுகளில் அடுப்படி மேடை ஓடு பதித்த கான்கிரீட். ஒரே உயரம், மாற்ற முடியாது. உயரமானவர் மேலிருந்து நேராக அழுத்துவார். குட்டையானவருக்கு முழங்கை மேடைக்கு மேலே ஏறாது, தட்டு தன் பக்கமே சாயும். விடியற்காலையில் ஷிப்டுக்குக் கிளம்பும் மகன், ஏழு மணிக்குப் பள்ளிக்குப் போகும் மருமகள், சாயங்காலம் பால் ஊற்றிக் குடிக்கும் தாத்தா என்று மூன்று கை மாறும் வீட்டில், கிரைண்டரின் அரைப்பு எண் மட்டும் ஒன்றாகவே இருக்கிறது. ஒருவர் கைக்குச் சரியாக அமைத்த எண் அடுத்தவருக்குத் தப்பாகிவிடுகிறது. வளையம் விளிம்பில் படிந்து நிற்கும் டேம்பரில் யார் கை வைத்தாலும் தட்டு விளிம்புக்கு இணையாகவே இறங்கும். விலை வித்தியாசத்துக்கு நீங்கள் வாங்குவது இதைத்தான்.

உங்கள் கை எப்படி என்று அளந்தே பார்க்கலாம். வெர்னியர் காலிப்பரின் வால் பக்கத்தில் நீளும் ஆழக்கம்பியை எடுத்துக்கொள்ளுங்கள். சாதா டேம்பரால் அழுத்தியபின், விளிம்பிலிருந்து தூளின் மேற்பரப்பு வரை நான்கு திசையிலும் ஆழம் பாருங்கள். எதிரெதிர்ப் பக்கங்களுக்கிடையே அரை மில்லிமீட்டருக்குள் வித்தியாசம் இருந்தால் உங்கள் கை நல்ல கை. சாதா டேம்பரே போதும், மீதிக் காசு மிச்சம். அதற்குமேல் போனால், அதுவும் ஒவ்வொரு முறையும் ஒரே பக்கமாகப் போனால், வளையம் வாங்குவதே உத்தமம். அளப்பதற்கு முன் மெஷின் நிற்கும் இடத்தில் ரசமட்டம் வைத்துப் பார்த்துவிடுங்கள். மெஷினே சாய்ந்திருந்தால், டேம்பர் சரியாக இருந்தும் அடிப்பக்கம் திறந்து பாஸ்கெட்டின் துளைகள் தெரியும் போர்ட்டாஃபில்டரில் கோப்பி ஒரு பக்கமாகவே ஒதுங்கிச் சொட்டும்.

எந்த வகையானாலும் விட்டம் பொருந்தாவிட்டால் வீண். காஜியா கிளாசிக், ரான்சிலியோ சில்வியா 58 மில்லிமீட்டர் குடும்பம். பிரெவில் பம்பினோ 54. டெலோங்கி டெடிகா 51. லெலிட் அன்னா 57. இவை பெட்டியின் மேல் எழுதும் எண்கள்தான். பாஸ்கெட்டின் உள்விட்டத்தைத் தூள் உட்காரும் ஆழத்தில் அளக்க வேண்டும், வாயில் இல்லை. விளிம்புக்குச் சற்றுக் கீழே உள்ள மேடு வரியில் வெர்னியரைப் பிடித்தாலும் தப்பாகக் காட்டும். உள்விட்டம் 58.5 இருக்க டேம்பர் 58.0 ஆக இருந்தால், சுற்றிலும் கால் மில்லிமீட்டர் வளையம் அழுத்தப்படாமல் நிற்கும். பரப்பில் அது 1.7 சதவீதம்தான், ஆனால் தண்ணீர் சுவரோரமாக நழுவுவதற்கு அதுவே போதும். மெஷினோடு இலவசமாக வரும் பிளாஸ்டிக் டேம்பரின் கதை இன்னும் மோசம்: 51 பாஸ்கெட்டில் 49 தட்டு என்றால் கிட்டத்தட்ட 8 சதவீதம் தூள் தளர்வாகவே கிடக்கும்.

டேம்பர் பாஸ்கெட்டைவிட 0.1 முதல் 0.3 மில்லிமீட்டர் வரை சிறியதாக இருப்பது நல்லது. அதைவிட இறுக்கமாகப் போனால் வேறு தொல்லை. தூக்கும்போது தட்டுக்கடியில் வெற்றிடம் உண்டாகி, வில்லையையே சேர்த்து இழுத்து விரிசல் விடவைக்கும். தூக்குமுன் லேசாக ஒரு திருகு திருகினால் காற்று புகுந்து விட்டுவிடும். அழுத்தி முடித்தபின் ஓரத்தில் ஒட்டிய தூளை விழச்செய்யப் போர்ட்டாஃபில்டரைத் தட்டும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். சுவருக்கும் வில்லைக்கும் உள்ள பிடிப்பு அப்படித் தட்டும்போதே விட்டுவிடும்.

ஆழம் திருகி வைக்கும் வட்ட டேம்பர் ஏன் எனக்குப் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மட்டத்தை அதுவும் காப்பாற்றும், கைக்கும் அடக்கமாக இருக்கும், குறை சொல்ல முடியாது. ஆனால் அது எப்போதும் ஒரே ஆழத்துக்குத்தான் போகும். தராசில் தினமும் 18.0 கிராம் நிறுத்துப் போடுகிறவருக்குப் பரவாயில்லை. அரை கிராம் குறைந்துவிட்டால் வில்லையின் உயரம் ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர் தாழும். தட்டு அதைத் தொடும், சரியாக அழுத்தாது. புதுக் கொட்டைக்கு மாறினாலும் திரும்பத் திருக வேண்டும். லிபெரிக்கா வகைக் கொட்டை அரைத்துப் பழகிய வீட்டுக்கு அராபிகா வகை வந்தால் ஒரே எடை ஒரே உயரத்தில் நிற்காது. ஸ்பிரிங் வகை தூள் எங்கே இருக்கிறதோ அங்கே போய்த்தான் அழுத்தும்.

இனி ஸ்பிரிங் டேம்பரின் குறைகள். இவை தெரியாமல் வாங்கினால் மூன்று மாதத்தில் அலுத்துவிடும்.

பராமரிப்புதான் தலையாய குறை. வளையத்துக்கும் தட்டுக்கும் நடுவே நகரும் இடைவெளி இருக்கிறது. நைசான கோப்பித் தூசு அங்கே ஏறி உட்காரும். கோப்பியில் எண்ணெய் உண்டு. நம் ஊர் ஈரப்பதத்தில் தூசும் எண்ணெயும் சேர்ந்து பசையாகிவிடும். முதல் அறிகுறி காதுக்குக் கேட்கும்: அழுத்தும்போது ‘கிறுக்’ என்று ஒரு தேய்ப்பு. அடுத்தது கண்ணுக்குத் தெரியும்: கையை எடுத்ததும் சட்டென்று எகிறி இறங்க வேண்டிய வளையம் தயங்கித் தயங்கி வரும். அந்த நிலையில் ஒரு பக்கம் மட்டும் சிக்கினால், எதற்காக வாங்கினீர்களோ அந்த மட்டமே போய்விடும்.

அதனால் தினமும் கடைசிக் கோப்பி முடிந்ததும் வளையத்தை விரலால் மேலே தள்ளி, தட்டின் ஓரத்தை உலர்ந்த பிரஷ்ஷால் துடையுங்கள். பழைய, மயிர் கெட்டியாக உள்ள பல்துலக்கி போதும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, தினம் நாலைந்து கோப்பி போடும் வீடானால் வாராவாரம், பிரித்துத் துடைக்க வேண்டும். எப்படிப் பிரிப்பது என்பது மாடலுக்கு மாடல் மாறும். சிலவற்றில் தட்டைக் கையாலேயே திருகிக் கழற்றலாம், சிலவற்றுக்கு ஆலன் கீ வேண்டும். ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கலாம், எனவே சமையல் மேடையில் ஒரு துணி விரித்துக் கழற்றுங்கள், திருகாணி பேசினுக்குள் ஓடாது. தட்டை மட்டும் சோப்புத் தண்ணீரில் கழுவலாம். ஸ்பிரிங்கை ஈரத் துணியால் துடைத்து, விசிறிக் காற்றில் முழுக்க உலர்த்திய பிறகே மாட்டுங்கள். முழு டேம்பரையும் தண்ணீரில் ஊறப்போட்டால் உள்ளே தங்கும் ஈரம் ஸ்பிரிங்கைத் துருப்பிடிக்க வைக்கும். சிக்குகிறதே என்று கதவுக் கீலுக்கு அடிக்கும் எண்ணெயை அடிக்க வேண்டாம், நேரே கோப்பைக்குத்தான் வரும்.

சாதா டேம்பருக்கு இந்தத் தலைவலி எதுவும் இல்லை. ஒரு துணி, ஒரு துடைப்பு, வேலை முடிந்தது. மரக் கைப்பிடி வைத்தது அழகாக இருந்தாலும் நம் பக்கம் மழை மாதங்களில் பூஞ்சை பிடிக்கும்; எஃகு அல்லது அலுமினியக் கைப்பிடி பாருங்கள். பராமரிப்பு ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொன்னால் சாதாதான் ஜெயிக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். வாரம் பத்து நிமிடம் கொடுத்து மூன்று கைகளின் கோப்பியை ஒரே மாதிரி ஆக்கலாம் என்பதால்தான் என் சாய்வு மறுபக்கம்.

இன்னொரு குறை, எட்டாத ஆழம். வளையம் விளிம்பில் நிற்பதால் தட்டு ஓரளவுக்குக் கீழே இறங்காது. 18 கிராம் பாஸ்கெட்டில் 12 கிராம் போட்டால் தூளைத் தொடாமலே நின்றுவிடலாம். ஒரு கோப்பைக்கான சிறிய பாஸ்கெட் வாய் அகன்று அடி குறுகியிருக்கும். அதற்குள் இந்த டேம்பர் போகவே போகாது. தாத்தாவுக்கு மட்டும் ஒற்றைக் கோப்பை போடும் வீடு என்றால் சாதா டேம்பர் ஒன்றையும் வைத்திருக்க வேண்டும். போர்ட்டாஃபில்டர் மேல் தூள் சிந்தாமல் இருக்க மாட்டும் புனலையும் அழுத்துமுன் எடுத்துவிடுங்கள், இல்லையேல் வளையம் புனல் மேல் உட்காரும். கையால் நெம்புகோலை இழுத்து இயக்கும் லீவர் மெஷின்களுக்கு இதே தீர்ப்பைச் சொல்ல நான் அவ்வளவு அவசரப்படமாட்டேன். அங்கே பாஸ்கெட் அளவுகளே தனி உலகம்.

எந்த டேம்பரும் குவித்துக் கொட்டிய தூளை மன்னிக்காது. மெல்லிய ஊசிகள் கொண்ட கிளறியால் அடிவரை சுற்றிக் கிளறி, கட்டிகளை உடைத்து, மேலே சமமாகப் பரப்பிவிட்டு அழுத்துங்கள். வளையம் மேற்பரப்பை மட்டமாக்கும், உள்ளே ஒரு பக்கம் அடர்த்தியாக இருப்பதை அதனால் சரிசெய்ய இயலாது. ஈரமான நாட்களில் தூள் சீக்கிரம் கட்டி கட்டும். அரைத்த கையோடு போடுவதே நல்லது.

குளுவாங்கில் இருந்துகொண்டு ஊர்க் கோப்பியைப் பேசாமல் விட முடியாது. ரயில் நிலையக் கோப்பிக்கடை 1938லிருந்து ஓடும் ஊர் இது. கோப்பிக்கடைகளுக்கென்று சீனியும் மார்ஜரினும் சேர்த்து வறுக்கும் கறுத்த கொட்டை உண்டு. துணிப்பையில் வடித்தால் அருமை, எஸ்பிரெசோ கிரைண்டரில் போட்டால் அரைக்கும் பற்களில் சீனிப் பசை ஏறி அரைப்பு கெட்டுவிடும், டேம்பர் தட்டிலும் தூள் அப்பிக்கொண்டு வரும். லிபெரிக்காவே வேண்டுமென்றால் எதுவும் சேர்க்காமல் வறுத்ததாகக் கேட்டு வாங்குங்கள். அதன் கொட்டை பெரியது, வடிவமும் ஒழுங்கற்றது. சிறிய கைக்கிரைண்டரில் சிக்கும்போது பொறுமை வேண்டும்.

ஸ்பிரிங் டேம்பர் வாங்குவது என்று முடிவானால், 15, 25, 30 பவுண்டு என்று மாற்று ஸ்பிரிங்குகள் சேர்ந்து வரும் செட்டைப் பாருங்கள். நடுவில் உள்ள 25, அதாவது சுமார் 11 கிலோ, பெரும்பாலோருக்குப் பொருந்தும்; வயதானவர் கைக்கு 15 வைத்தாலும் கிரைண்டரை ஒரு படி நைசாக்கினால் சரியாகிவிடும். ஆனால் வீட்டில் ஒரே ஸ்பிரிங்கையே எல்லோரும் பயன்படுத்துங்கள். பெட்டி வந்ததும் முதல் வேலையாக, தூள் இல்லாமலே வெறும் பாஸ்கெட்டில் வளையத்தை வைத்து அழுத்தி, தட்டு சுவரில் உரசுகிறதா என்று சுற்றிலும் பாருங்கள். உரசினால், திருப்பி அனுப்பும் அவகாசம் முடிவதற்குள் மாற்றிவிடுங்கள்.