பழைய லேத்துக்கு மெஷின் மானிட்டரிங்: மாட்டலாம், ஆனால் எந்த சென்சார் என்று கேட்டு மாட்டுங்கள்

கோவை கணபதியில் சின்ன ஒர்க்‌ஷாப், பம்ப் ஷாஃப்ட் கடைசல்தான் முக்கிய வேலை. பழைய எச்எம்டி லேத் ஒன்றும் ஃபனுக் கன்ட்ரோலர் போட்ட, புரோகிராம்படி தானாக ஓடும் பழைய சிஎன்சி மெஷின் ஒன்றும் இருக்கின்றன. எது எவ்வளவு நேரம் நிஜமாக வெட்டுகிறது என்று தெரிந்தால்தான் ரேட் சரியாகச் சொல்ல முடியும் என்பதால் உள்ளூர் டீம் ஒன்றைக் கூப்பிட்டு இரண்டுக்கும் மானிட்டரிங் போட்டோம்.

சிஎன்சி வேலை அருமை. அதிலிருக்கும் ஆர்எஸ்-232 போர்ட் புரோகிராம் ஏற்றி இறக்கத்தான், ஓடுகிறதா நிற்கிறதா என்று அது தானாகச் சொல்லாது. அதனால் மெஷின் நிலையைக் காட்டும் டவர் லைட்டின் 24 வோல்ட் சிக்னலை ஆப்டோகப்ளர் (நேரடி மின்தொடர்பு இல்லாமல் ஒளி மூலம் சிக்னலைக் கடத்தும் பாகம்) வழியாக எடுத்தார்கள், கன்ட்ரோலர் பக்கமே போகவில்லை. பச்சை எரிந்தால் ஓட்டம், சிவப்பு என்றால் அலாரம், அவ்வளவுதான். ஒருநாள்கூடத் தப்பாகக் காட்டவில்லை.

லேத்தில்தான் சொதப்பல். மோட்டார் வயர் ஒன்றில் கிளாம்ப் மாதிரி கவ்வும் சிடியை (கரன்ட் அளக்கும் சென்சார்) மாட்டிவிட்டு, கரன்ட் இவ்வளவுக்கு மேல் போனால் வெட்டுகிறது என்று செட் செய்தார்கள். ரஃப் கட்டுக்கு சரி. ஃபினிஷிங் கட் எடுக்கும்போது ஸ்கிரீனில் "ஐடில்" என்றே வந்தது, நம்ம ஆள் வெட்டும் டூல் பக்கத்தில் நின்று மைக்ரோமீட்டர் வைத்து அளந்து அளந்து வெட்டிக்கொண்டிருக்கிறார்! இன்டக்‌ஷன் மோட்டார் சும்மா சுற்றும்போதே கணிசமான கரன்ட் இழுக்கும், மெல்லிய கட்டுக்கு அதில் பெரிதாக எதுவும் ஏறாது, மாறுவது பவர் ஃபேக்டர்தான், அதாவது அந்தக் கரன்ட்டில் நிஜ வேலைக்குப் போகும் பங்கு. அப்புறம் நாங்கள் கேட்டு, நிஜ பவரைக் கிலோவாட்டில் காட்டும் மோட்பஸ் எனர்ஜி மீட்டர் (அளவை கம்ப்யூட்டருக்கு அனுப்பக்கூடியது) போட்டார்கள். பளிச்சென்று வித்தியாசம் தெரிந்தது. இதை அவர்களே முதலில் சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் தப்பான ரிப்போர்ட்டால் கெட்ட பெயர் வாங்குவது மெஷினில் நிற்கிறவர்.

ஸ்கிரீனை ஆபீஸ் ரூமில் வைக்காமல் ஷாப்பிலேயே ஆபரேட்டர் கண்ணில் படும்படி மாட்டச் சொன்னேன். இப்போது மெட்டீரியல் வராமல் நிற்கும் நேரத்தை ஆபரேட்டர்களே காட்டிக் கேட்கிறார்கள், எனக்கு இதுதான் பெரிய லாபம்.

வேலைக்கு நான்கு ஸ்டார் தருவேன். கழித்த ஒன்று லேத்துக்கு மட்டுமில்லை, டேட்டா முழுக்க அந்த டீமின் கிளவுடில் வருடச் சந்தாவில் கிடப்பதற்கும்தான். அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே ஒரு காப்பி நம் கம்ப்யூட்டரிலும் சேருமா, நெட் போனால் என்ன ஆகும் என்று எழுதி வாங்கிவிடுங்கள்.