அலாரத்துக்குச் செம்புக் கம்பியா, செல்பேசி அலையா?

திருட்டு அலாரம் அலறுவது பாதி வேலைதான். கண்காணிப்பு மையத்துக்குச் செய்தி போய்ச் சேர வேண்டும். அமெரிக்காவில் அந்த வழி எது என்பதில் எஃப்.சி.சி. எனப்படும் தகவல் தொடர்பு ஆணையத்தின் விதிகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

செம்புத் தொலைபேசிக் கம்பிக்கு மின்சாரம் இணைப்பகத்திலிருந்தே வரும்; வீட்டில் மின்தடை என்றாலும் செய்தி போகும். யாராவது தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தால்கூட, அதைத் துண்டித்துவிட்டுத் தன் அழைப்பை அனுப்பும்படி அலாரப் பெட்டியை இணைப்பார்கள். ஆனால் வெளிச்சுவரில் கம்பியை நறுக்கினால் கதை முடிந்தது. தொலைபேசி நிறுவனங்களும் செம்பைக் கைவிட்டு வருகின்றன.

செல்பேசியில் நறுக்கக் கம்பி இல்லை. (அலையை முடக்கும் கருவிகள் உண்டு என்பது வேறு விஷயம்.) தலைவலி அலைக்கற்றையில்தான். அது உரிமம் பெற்ற நிறுவனத்தின் கையில். புதிய தலைமுறைக்கு இடம் தேவைப்பட்டால் பழையதை மூடிவிடும். முதல் தலைமுறையான அனலாக் செல்பேசிச் சேவையை நிறுவனங்கள் நடத்தியே ஆக வேண்டும் என்ற எஃப்.சி.சி.யின் கட்டாயம் 2008 பிப்ரவரி 18-ல் முடிந்தது. 2022-ல் 3ஜி போனது. இரண்டு முறையும் நன்றாக இயங்கிய பெட்டிகளைத் திறந்து, செல்பேசி அலையில் செய்தி அனுப்பும் ரேடியோவை மாற்ற வீடு வீடாக ஆள் அனுப்ப வேண்டியிருந்தது. மூடுவதைத் தள்ளிப்போடச் சொன்ன அலாரத் தொழிலின் கெஞ்சல் பெரிதாக எடுபடவில்லை.

இருந்தும் இன்று பொருத்துவோருக்குச் செல்பேசியையே சொல்வேன், ரேடியோவை மட்டும் தனியே கழற்றி மாற்ற முடிகிற பெட்டியாக இருந்தால்.