வேகம் குறைந்ததைச் சொல்லாத கணினி: ஒரு பழைய டெஸ்க்டாப்புடன் நெடுநாள் அனுபவம்

அழைப்பிதழ் அச்சகம் நடத்தும் நண்பர் ஒருவர், தம்மிடம் உள்ள விண்டோஸ் எக்ஸ்பி கணினியை வைத்துக்கொள்ளலாமா, எடைக்குப் போட்டுவிடலாமா என்று கேட்டிருந்தார். இன்டெல் ஜி31 சிப்செட் கொண்ட, ஏறத்தாழ அதே வயதுடைய கணினி ஒன்று என் மேசையில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களில், பேஜ்மேக்கர் 7 என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் அமைத்த பழைய கோப்புகளை ஓரெழுத்தும் பிசகாமல் திறக்கிறது என்பதற்காகவே அதை வைத்திருக்கிறேன். எக்ஸ்பிக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரலோடு நின்றுவிட்டதால் இணைய இணைப்பு கொடுக்கவில்லை.

உழைப்பில் அதைக் குறை சொல்ல முடியாது. எரிச்சல் ஒன்றே ஒன்றுதான். ஆனால் அது திரும்பத் திரும்ப வந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினி சில மாதங்களில் மெல்லத் தளர்ந்துபோகும். நீலத்திரையோ, பிழைச்செய்தியோ, வழக்கத்துக்கு மாறான சத்தமோ எதுவும் இராது. பெரிய படம் ஒன்றைத் திறந்தால் மவுஸ் அம்பு திக்கித் திக்கி நகரும். பின்னணியில் ஓடும் பாடல் கிழிந்து கிழிந்து ஒலிக்கும். சர்வீஸ் கடையில் ஒருமுறை ரேம் போதாது என்றார்கள், மறுமுறை வைரஸ் என்றார்கள், எப்படியும் ஃபார்மட் செய்து கொடுத்தார்கள். ஃபார்மட் செய்ததும் வேகம் திரும்பியது என்பதுதான் எல்லோரையும் ஏமாற்றிய விஷயம்.

உண்மையான காரணம் டிவைஸ் மேனேஜரில் கண்ணெதிரே இருந்தது. டிஸ்குகளை இணைக்கும் ஐடிஇ கண்ட்ரோலர் பிரிவில் ஹார்ட் டிஸ்க் இணைந்துள்ள சேனலைத் திறந்து, அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் பக்கத்தைப் பார்த்தால், மேல் வரியில் 'டிஎம்ஏ இருந்தால் பயன்படுத்து' என்றே தேர்வாகியிருக்கும் (டிஎம்ஏ என்பது பிராசஸரைச் சுமக்கவிடாமல் தரவு நேரே நினைவகத்துக்குப் போகும் வழி). அதன் கீழே, நடப்பு நிலையைக் காட்டும் சாம்பல் நிறக் கட்டத்தில் 'பிஐஓ மோட்', அதாவது பழைய மெதுவான வழி, என்று எழுதியிருக்கும். அங்கே இருக்க வேண்டியது அல்ட்ரா டிஎம்ஏ மோட் 5, அதாவது வினாடிக்கு 100 எம்பி வரையிலான வழி. பிஐஓ-வின் உச்சமோ, கணக்குப்படியே 16.6 எம்பிதான்; அதிலும் டிஸ்கிலிருந்து வரும் தரவை பிராசஸரே சுமந்து சேர்க்க வேண்டியிருப்பதால் மற்ற வேலைகளும் சேர்ந்து தடுமாறுகின்றன.

எக்ஸ்பியின் டிஸ்க் டிரைவர், ஒரு சாதனத்திடமிருந்து வரும் தாமதப் பிழைகளையும், வழியில் தரவு பழுதானதைக் காட்டும் சிஆர்சி பிழைகளையும் கூட்டிக்கொண்டே வரும். மொத்தம் ஆறு சேர்ந்ததும் வேகத்தை ஒரு படி இறக்கும். பிழைகள் தொடர்ந்தால் இறுதியில் பிஐஓ-வில் கொண்டுபோய் நிறுத்தும். தரவைக் காக்கச் செய்த ஏற்பாடு என்பதால் இதைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இறக்கியிருக்கலாம். போன வருடத்துப் பிழையையும் இன்றைய பிழையையும் ஒரே கணக்கில் சேர்ப்பது எந்த ஊர் நியாயம் என்றும் தெரியவில்லை. ஃபார்மட் செய்யும்போது இந்தக் கணக்கும் அழிந்துவிடுகிறது. வைரஸ் போனதாக நாம் நம்பிக்கொள்கிறோம்.

ஃபார்மட் இல்லாமலே இதைச் சரிசெய்யலாம். அந்தச் சேனலை டிவைஸ் மேனேஜரில் அன்இன்ஸ்டால் செய்துவிட்டுக் கணினியை மறுபடி தொடங்கினால், எக்ஸ்பி அதைப் புதிதாகக் கண்டறிந்து முழு வேகத்தில் இணைத்துக்கொள்ளும். மதர்போர்டோடு வந்த சிடியிலிருந்து சிப்செட் டிரைவரை மீண்டும் மீண்டும் நிறுவுவதால் இதில் பயனில்லை; அதில் இருப்பவை பெரும்பாலும் சாதனங்களின் பெயரைச் சொல்லும் ஐஎன்எஃப் கோப்புகளே. பிழையின் ஊற்றையும் அடைக்க வேண்டும். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பட்டியலில் சி7 என்ற வரி, கேபிள் வழியே பழுதாகி வந்த தரவுகளின் எண்ணிக்கையைச் சொல்கிறது. என் டிஸ்கில் அது ஏறிக்கொண்டே வந்தது. பூட்டுக் கொக்கி இல்லாத அந்த மலிவான சாட்டா கேபிளை மாற்றிய பிறகு எண்ணிக்கை அப்படியே நின்றுவிட்டது. பழைய எண் பூஜ்யத்துக்குத் திரும்பாது என்பதால், அதைக் கண்டு மறுபடி கலங்க வேண்டியதில்லை.

எஸ்எஸ்டி போடலாமா என்றும் நண்பர் கேட்டார். போடலாம், ஆனால் எக்ஸ்பி தானாகப் பிரிக்கும் பார்ட்டிஷன் 63-ஆம் செக்டரில் (டிஸ்கின் சிறு கூறு) தொடங்கும், அது எஸ்எஸ்டியின் உள் பிரிவுகளோடு பொருந்தாது, ஆகவே வேறொரு கருவியால் 2048-இல் தொடங்கும்படி முன்கூட்டியே பிரித்துக்கொள்ள வேண்டும். அவருடைய மதர்போர்டு, டிஸ்கோடு பேசும் புதிய முறையான ஏஎச்சிஐ-யில் இருந்தால், எக்ஸ்பியின் சிடியில் அதற்கான டிரைவர் இல்லாததால் 0x7பி நீலத்திரை வரும். பயாஸில் ஐடிஇ முறைக்கு மாற்றுவதே எளிது.

கேபிள் மாற்றியதிலிருந்து என் கணினி ஒருநாளும் தளரவில்லை. இந்த விலைக்கு இவ்வளவு உழைத்த பொருள் என் வீட்டில் வேறில்லை. இருந்தும் நண்பருக்கு என் பதில், எடைக்குப் போட்டுவிடுங்கள் என்பதே. மணமகள் பெயரில் ஓரெழுத்தை மாற்றச் சொல்லி ஆள் எதிரில் நிற்கும் முகூர்த்த மாதத்தில், சொல்லாமல் படுத்துக்கொள்ளும் கணினியோடு மல்லுக்கட்டும் பொறுமை அவருக்குக் கிடையாது. மதர்போர்டை மட்டும் கழற்றி என்னிடம் கொடுத்துவிடட்டும், உதிரியாக இருக்கும். கேபிள் வேண்டாம்.