இரட்டைக் குழல் துப்பாக்கிக்கு ஆண்டுப் பராமரிப்பு: பாலக்காட்டுக் கடை ஒன்றைப் பற்றி

பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தைக் கேரள அரசு 2022 மே மாதத்தில் உள்ளாட்சித் தலைவர்களுக்கு வழங்கியது. அதன் பிறகு, கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பகுதிகளில் பல காலம் அலமாரியில் கிடந்த 12 போர் (குழல் விட்டத்தின் அளவு) துப்பாக்கிகளும் மறுபடி வேலைக்கு வந்தன. பன்றி சுடுவோருக்கான பஞ்சாயத்துப் பட்டியலில் பெயர் கொடுத்த துப்பாக்கி உரிமதாரர்கள் அடுத்துத் தேடியது, பழுதுபார்க்க உரிமம் பெற்ற ஒரு கடையை. பாலக்காடு நகரத்தில் அப்படி ஒரு கடையில் என் துப்பாக்கியை ஆண்டுதோறும் கொடுத்து வாங்குகிறேன். ஆயுதம் இருப்பில் உள்ள இடம் என்பதால் பெயரை எழுத வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டார். அது நியாயமாகவே படுகிறது.

உரிமப் புத்தகத்தில் உள்ள எண்ணையும் துப்பாக்கியில் பொறித்த எண்ணையும் ஒப்பிட்டு, பதிவேட்டில் ஏற்றி, ரசீது கொடுத்த பிறகே துப்பாக்கியை வாங்கி வைக்கிறார்கள். தோட்டா அமரும் இரண்டு அறைகளும் காலியா என்று நம் கண்முன்னே திறந்து பார்ப்பதையும் ஒருநாளும் தவிர்த்ததில்லை.

இந்தக் கடையின் சிறப்பு, எதை மாற்றக் கூடாது என்று தெரிந்திருப்பதில் இருக்கிறது. தானாகத் தோட்டா ஏறும் ரைஃபிள்களில், இத்தனை முறை சுட்டபின் சுட்டதும் பின்னே போகும் பாகத்தை மறுபடி முன்னே தள்ளும் ரிக்காயில் ஸ்பிரிங்கை மாற்றிவிடுவது என்று ஒரு கணக்கு உண்டு. மடக்கித் திறக்கும் நம் துப்பாக்கிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. தேய்மானத்தை அளந்துதான் முடிவு செய்ய வேண்டும். கோவையில் முன்பு நான் கொடுத்த ஓர் இடத்தில் ஸ்பிரிங்குகள் எல்லாவற்றையும் மாற்றச் சொன்னார்கள். இங்கோ பூட்டை, அதாவது சுடும் பொறியமைப்பைக் கழற்றிப் பார்த்துவிட்டு, வலப்பக்க ஃபயரிங் பின் (தோட்டாவின் அடியைத் தட்டி வெடிக்கவைக்கும் ஊசி) ஒன்றை மட்டும் மாற்றினால் போதும் என்றார்கள். விரலால் இழுக்கும் இரண்டு விசைகளில் முன்விசை வலக்குழலைச் சுடுவதாலும், பெரும்பாலோர் அதையே முதலில் இழுப்பதாலும், அந்தப் பக்கத்து ஃபயரிங் பின் முந்தித் தேய்வது இயல்பு. அதன் முனை உருண்டையாக இருக்க வேண்டும். அரிக்கப்பட்டோ கூராகியோ போனால் தோட்டாவின் அடியில் உள்ள பிரைமர் என்ற சிறு வெடிமூடியைத் துளைத்துவிடும், அந்தத் துளை வழியாகப் பின்னோக்கிப் பீறிடும் வாயு பின்னைச் சுற்றியுள்ள எஃகு முகத்தையும் குழி குழியாக அரிக்கும். பழைய துப்பாக்கிகளுக்குத் தயார் பாகங்கள் கிடைப்பது அரிது என்பதால், அவர்களே லேத்தில் கடைந்து, பதம் ஏற்றிப் பொருத்துகிறார்கள். சுட்ட தோட்டாக்களில் பதிந்த குழி இப்போது இரு குழல்களிலும் ஒரே ஆழத்தில், வட்டமாக இருக்கிறது.

குழல் அதன் பின்னிருக்கும் எஃகு முகத்தோடு நெருங்கி அமர்கிறதா என்பதை, குழலுக்கு அடியில் உள்ள முன்கட்டையைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் காட்டினார்கள். இடையில் ஒளிக்கீற்று தெரிந்தால் கீல் தேய்ந்திருக்கிறது என்று பொருள். விசையின் இழுப்பையும் தராசு வைத்து அளக்கிறார்கள். விசையை இலகுவாக்கித் தரும்படி வற்புறுத்தும் வாடிக்கையாளர்கள் உண்டு, கடைக்காரர்கள் இசைவதில்லை. கையுறையோடு இருட்டில் வரப்பில் நடக்கிறவருக்கு இலகுவான விசை ஆபத்து என்பது அவர்கள் பக்கத்து வாதம், எனக்கும் அதில் மாற்றுக் கருத்தில்லை.

மரவேலை என்றால் கதை வேறு. என் துப்பாக்கியின் கட்டை, பூட்டைச் சந்திக்கும் இடத்தில் எண்ணெய் ஊறிக் கறுத்திருந்ததற்கு மேலே வார்னிஷ் அடித்துக் கொடுத்துவிட்டார்கள். எண்ணெயை உறிஞ்சி எடுக்காமல் மேற்பூச்சு பூசுவதால் பயனில்லை, மரம் உள்ளுக்குள்ளே மென்மையாகிக்கொண்டுதான் இருக்கும். அளவுக்கு மிஞ்சி எண்ணெய் விட்டு, குழல் மேல்நோக்கி இருக்கும்படி மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பதே இதற்குக் காரணம். வாய் கீழ்நோக்கி இருக்கும்படி வைத்தால் எண்ணெய் கட்டைக்குள் இறங்காது. இதை எந்தக் கடையும் வாடிக்கையாளருக்குச் சொல்லி அனுப்புவதில்லை, இந்தக் கடையும் சொல்லவில்லை.

ரசீதில் ‘சர்வீஸ்’ என்ற ஒற்றைச் சொல்லோடு மொத்தத் தொகையை எழுதித் தருவதும் குறைதான். எந்தப் பாகம் மாற்றப்பட்டது, பழையது எங்கே என்று நாம் கேட்டால் மறுக்காமல் எழுதித் தருகிறார்கள், கழற்றிய பின்னையும் காகிதத்தில் சுற்றிக் கையில் கொடுக்கிறார்கள். ஆனால் கேட்க வேண்டியிருக்கிறது.

தேர்தல் காலத்தில் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லும்போது, நான் இங்கேயே வைக்கிறேன். குழலுக்குள் மெல்லிய எண்ணெய்ப் படலம் பூசி, துணியுறையில் சுற்றி வைப்பதால் இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) கடந்து திரும்பி வந்தபோதும் துருப்பொட்டு எதுவும் இல்லை. திரும்பப் பெறும் நாளில் அந்த எண்ணெயை உலர்ந்த துணியால் முழுதும் துடைத்த பிறகே தோட்டா போட வேண்டும். அறிவிப்பு வந்த வாரத்தில் போனால் இடம் கிடைப்பதில்லை, பழுதுபார்க்கும் வேலையையும் அப்போது எடுப்பதில்லை. ஆகவே பாகம் மாற்ற வேண்டியிருப்பவர்கள் அதற்கு முன்பே கொடுத்துவிடுவது நல்லது.