பெருங்குடியில் ஒரு கோவொர்க்கிங் அலுவலகம்: மூன்று மாத அனுபவம்

சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில், பெருங்குடிப் பகுதியிலுள்ள ஒரு கோவொர்க்கிங் அலுவலகத்தில் (பலரும் மேசையை வாடகைக்கு எடுத்துப் பகிர்ந்துகொள்ளும் இடம்) சென்ற ஆண்டு மூன்று மாதங்களுக்கு ஒரு நிரந்தர மேசையை வாடகைக்கு எடுத்திருந்தேன். மாத வாடகை 9,500 ரூபாய், அதன்மேல் 18% ஜிஎஸ்டி, ஒரு மாத வாடகை முன்பணம். என் தொழில் மொழிபெயர்ப்பு. நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் வாய் திறக்காமல் படிப்பதும் எழுதுவதுமே வேலை. ஆகவே, அந்த இடத்தின் உள் அலங்காரம் அந்த ஆறு மணி நேரத்துக்கு உதவியதா, இடைஞ்சல் செய்ததா என்பதை மட்டுமே இங்கே எழுதுகிறேன். நான் சொல்லும் குறைகளில் பல இன்றைய பாணிக்கே உரியவை என்பதால் நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை.

நுழைந்ததும் கண்ணைக் கவர்வது வரவேற்பறையில் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல். காரைக்குடிப் பக்கம் கண்ணாடித் தகட்டின்மேல் அச்சை வைத்து, நிறக் கலவையைக் கையால் ஊற்றி, மணலும் சிமென்ட்டும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கும் இந்தக் கல்லுக்குச் சூளையே தேவையில்லை. கால் படப்பட மெருகேறுவது இதன் குணம். செட்டிநாட்டு வீடுகளில் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துப் பளபளப்பாக வைத்திருப்பார்கள். இங்கோ கழிவறைக்கு வாங்கிய அமிலக் கரைசலாலேயே தரை முழுவதையும் துடைக்கிறார்கள். இரண்டாம் மாதத்தில் பேன்ட்ரி வாசலில் இருந்த சிவப்புப் பூ வெளிறி, பழைய ரசக்கறை போல ஆகிவிட்டது. உள்ளே பெரிய கூடத்தில் டெரஸோ தரை. அம்மா காலத்து மொசைக்கைப் பெயர்த்தெறிந்துவிட்டு வழவழப்பான டைல்ஸ் போட்ட தலைமுறை, அதே மொசைக்குக்கு இத்தாலியப் பெயர் வைத்துத் திரும்ப விலை கொடுத்து வாங்குவதை அங்கே உட்கார்ந்து தினமும் ரசித்தேன்.

நாற்காலிக்கும் வெளிச்சத்துக்கும் முழு மதிப்பெண் தரலாம். இடுப்புத் தாங்கலை உயர்த்தித் தாழ்த்த முடிகிறது, மேசை விளிம்பு முழங்கையை அறுப்பதில்லை, விளக்குகள் மஞ்சளும் அல்லாத நீலமும் அல்லாத வெண்மையில் கண் கூசாமல் எரிகின்றன, ஒவ்வொரு மேசைக்கும் இரண்டு பிளக் பாயிண்ட் உண்டு. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறையெல்லாம் மேற்கூரையில் தொடங்குகிறது. தளத்துக்குக் கீழே பலகைகளால் தொங்கவிடும் ஃபால்ஸ் சீலிங்கை நீக்கிவிட்டு, கான்கிரீட் தளத்துக்குக் கறுப்பு வண்ணம் பூசி, ஏசி டக்ட்டையும் தீயணைப்புக் குழாய்களையும் வெளியே தெரிய விடுவது இப்போது எல்லா ஊர்களிலும் பரவியிருக்கும் பாணி. கூடம் உயரமாகத் தெரிகிறது என்பது உண்மைதான். ஆனால், பழைய அலுவலகங்களில் நாம் ஏளனமாகப் பார்த்த அந்தப் புள்ளி வைத்த வெள்ளைப் பலகை ஓசையையும் உறிஞ்சிக்கொண்டிருந்தது. அதை எடுத்த பிறகு கான்கிரீட்டும் கண்ணாடியும் டெரஸோவும் பேச்சை ஒன்றின்மேல் ஒன்றாகத் திருப்பி அனுப்புகின்றன. போதாக்குறைக்கு, கேபின்களின் கண்ணாடித் தடுப்பு எட்டடி உயரத்திலேயே நின்றுவிடுகிறது. மேலே தளம் வரைக்கும் வெறும் வெளி. கதவைச் சாத்திக்கொண்டு ரகசியம் பேசுவதாக நினைத்த ஒருவர் தம் வீட்டுக் கடன் தவணை மூன்று மாதம் நிலுவையில் இருப்பதை வங்கியிடம் விளக்கியதை, இருபதடி தள்ளி உட்கார்ந்திருந்த நான் ஒரு சொல் விடாமல் கேட்டேன். சுவரில் அழகுக்காக ஒட்டியிருக்கும் மெல்லிய ஃபெல்ட் பலகைகள் கூர்மையான ஒலியை ஓரளவு தணிக்கின்றன. கனத்த ஆண் குரலை அவை ஒன்றும் செய்வதில்லை.

திறந்தவெளி அலுவலகம் என்ற யோசனையிலேயே இந்தக் கோளாறு இருந்ததாகச் சொல்ல முடியாது. 1950களின் இறுதியில் ஜெர்மனியில் ஷ்னெல்லே சகோதரர்கள் சுவர்களை அகற்றி, செடிகளும் வளைந்த திரைகளும் வைத்து அலுவலகங்களை வடிவமைத்தபோது, தரைக்கு விரிப்பும் கூரைக்கு ஒலி உறிஞ்சும் பலகையும் அந்த வடிவமைப்பின் பகுதியாகவே இருந்தன. இன்றைய பாணி செடியை எடுத்துக்கொண்டது, விரிப்பை விட்டுவிட்டது. சுவர் இல்லாவிட்டால் மனிதர்கள் கலந்து பேசுவார்கள் என்பது கோவொர்க்கிங் விளம்பரங்களின் நிரந்தர வாசகம். ஆனால், ஹார்வர்டு ஆய்வாளர்கள் இருவர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், திறந்த அமைப்புக்கு மாறிய இரு நிறுவனங்களில் நேருக்கு நேர் பேசுவது ஏறத்தாழ 70% குறைந்து, மின்னஞ்சல் கூடியிருந்தது. என் கூடத்திலும் பக்கத்து மேசைக்காரர் ஏசியைக் குறைக்கச் சொல்லி எனக்கு வாட்ஸ்அப்பில்தான் எழுதினார்.

இதற்கெல்லாம் மாற்றாக வைத்திருப்பவை போன் பூத்துகள், அதாவது கைபேசியில் தனியாகப் பேசுவதற்கான சிறு அடைப்புப் பெட்டிகள். ஏறத்தாழ தொண்ணூறு இருக்கைகளுக்கு நான்கு பூத். உள்ளே ஓசை நன்றாகவே அடங்குகிறது, ஆனால் கூரையிலுள்ள சிறு விசிறி பெயருக்குச் சுற்றுவதால் பத்து நிமிடத்தில் சட்டைக் காலர் நனைந்துவிடுகிறது. எனவே எல்லோரும் கதவைக் காலால் முட்டுக்கொடுத்துத் திறந்து வைத்துக்கொண்டே பேசுகிறார்கள். சென்னையின் மே மாதத்தை நினைத்துப் பார்க்காமல் வாங்கிய பெட்டி அது.

பச்சைச் சுவரைப் பற்றியும் ஒரு சொல். பாசி பதித்த அந்தச் சுவர் உயிருள்ளதன்று. கிளிசரின் ஏற்றிப் பதப்படுத்தியது, தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்பதே அதன் விற்பனைப் பெருமை. ஆனால், ஞாயிற்றுக்கிழமை ஏசியை நிறுத்திவிட்டால் நம் ஊர்க் காற்றின் ஈரத்தை அது குடித்துவிடுகிறது. திங்கள் காலையில் சுவரடியில் பச்சை நீர் கசிந்திருக்கும், தூய்மைப் பணி செய்யும் அக்கா பழைய செய்தித்தாளை விரித்து வைத்திருப்பார். பேன்ட்ரி ஜன்னலில் யாரோ பாட்டிலில் வைத்த மணி பிளான்ட் மட்டும் எந்தச் செலவும் இல்லாமல் தழைத்துக்கொண்டிருந்தது.

ஓசையைப் பற்றி இருமுறை எழுதிப் புகார் கொடுத்தேன். மேலாளர் மிகவும் மரியாதையாக, "சார், ஒரு நல்ல ஹெட்போன் வாங்கிக்கோங்க" என்றார். தடுப்பைத் தளம் வரை உயர்த்தினால் ஏசி, தீயணைப்புக் குழாய் எல்லாவற்றையும் மாற்றியமைக்க வேண்டியிருக்கும் என்பது எனக்கும் புரிகிறது. ஆனால், கறுப்புக் கூரையிலிருந்து கனமான ஒலி உறிஞ்சிப் பலகைகளை வரிசையாகத் தொங்கவிடவும், நடைபாதையில் விரிப்புப் போடவும் இடிக்க வேண்டியது எதுவுமில்லை.

நாள் முழுவதும் வாடிக்கையாளர்களைச் சந்தித்து, தொலைபேசியிலேயே வேலையை முடிப்பவர்களுக்கு இந்த இடம் வாடகைக்குத் தகும். வருகிறவர்கள் வரவேற்பறையைப் பார்த்து மலைத்துப்போவார்கள். எழுதுபவர்களும் கணக்குப் பார்ப்பவர்களும் எடுப்பதானால், பிரிண்டர் அறைக்குப் பின்னால், பழைய கோப்பு அலமாரிகளுக்கு அருகிலுள்ள ஆறு மேசைகளில் ஒன்றைக் கேட்டு வாங்கவும். அங்கே கூரை தாழ்வு, பாசிச் சுவர் இல்லை, ஜன்னலும் இல்லை. கடைசி மூன்று வாரங்கள் அங்கேதான் என் வேலை ஓடியது.